ஆஸ்கருக்கு ஆட்டு இருதயம்

ரேவதி சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு ஆட்டு இருதயத்தை நறுக்குகிறாள். நரம்பை உரித்து, கொழுப்பை வழித்து, நகக்கண் அளவுத் துண்டுகளாக நறுக்குகிறாள். கறிக்கடையில் நின்று வாங்கி வந்தவன் நான். தின்னப்போவது ஹாலில் கண்ணாடித் தொட்டிக்குள் நீல வெளிச்சத்தில் மிதக்கும் ஆஸ்கர் மீன். என் மச்சான் சென்னையிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன பிசாசு. வேங்கிக்காலில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, அடுப்புக்கு நேரே ஜன்னலில், ஊரே சாமியாகச் சுற்றிவந்து கும்பிடும் மலை தெரிவதைப் பார்த்துவிட்டு, "மலையப் பாத்துகினே கறி ஆக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டவள் இவள். எட்டு மாதமாக எனக்கு ரசம்தான். இப்போது கிண்ணத்தோடு வந்து தொட்டி மேல் குனிகிறாள். துண்டை மீன் அவள் விரலோடு சேர்த்துக் கவ்வுகிறது. வளையல் கண்ணாடியில் மோதிக் கிணுங்க, "மெதுவாடா தங்கம்" என்று சிரிக்கிறாள். அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை நாளாயிற்று! "எனக்கும் ஒரு நாளு அந்த ஜன்னலச் சாத்தேன்" என்கிறேன். "அது மீனுங்க, அதுக்கு என்னா தெரியும்? நீங்க மனுசன் இல்லியா?" சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவுகிறாள். ஜன்னலைத் திறக்கிறாள். சாயங்கால வெயிலில் மலை பழையபடி வந்து நிற்கிறது. "உக்காருங்க, ரசம் ஆறுது."