மூன்று நாள் பள்ளிக்கூடம்

பத்தாம் பாடத்தில் இன்னும் இரண்டு கணக்குகள் பாக்கி இருந்தன.

மில்லின் மூன்று மணிச் சங்கு ஊதி அரை மணிக்கெல்லாம் தபால்காரர் இந்தச் சந்து வழியாகத் திரும்புவார். இன்றைக்குச் சன்னல் வழியாக உறையை அவர் கையில் கொடுத்தால்தான் கெடு நாளான வெள்ளிக்கிழமைக்குள் சென்னை போய்ச் சேரும். பத்துப் பாடமும் எழுதி அனுப்பியவர்களுக்குத்தான் மெட்ரிக் பரீட்சைக்கு மனுப் போடுவோம் என்று தபால் கல்லூரியில் கறாராக எழுதியிருந்தார்கள்.

கோமளா கொல்லைப்புற அறையில் பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பருத்திக்கொட்டை மூட்டைகள். இன்னொரு பக்கம் எருமைக்கு வாங்கிப்போட்ட புண்ணாக்கு. நடுவில் அவளும் ஒரு முக்கோணமும்.

வீட்டு விலக்கான மூன்று நாளும் அவளுக்கு இந்த அறைதான். அடுப்படிக்குப் போகக் கூடாது, யாரையும் தொடக் கூடாது.

மற்ற நாளெல்லாம் பதினோரு பேருக்குச் சமையல், இரண்டு எருமை, மாமனாருக்கு வேளை தவறாமல் கஷாயம். படிக்கட்டும், ஆனால் வீட்டு வேலை நிற்கக் கூடாது என்று மாமனார் வரதராஜுலு பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்திருந்தார். கணவன் வெங்கடபதி பணம் கட்டிச் சேர்த்துவிட்டான். அத்தோடு அவன் கடமை தீர்ந்தது. வேலையும் நிற்கவில்லை, அவளும் உட்காரவில்லை.

ஊரில் எல்லாப் பெண்களும் அலுத்துக்கொள்ளும் அந்த மூன்று நாளுக்கு இவள் ஒருத்தி தவம் கிடந்தாள்.

அந்த நாட்களில் புத்தகத்தைத் தொடலாமா, சரஸ்வதி ஆயிற்றே என்று ஒரு பேச்சு வந்தது. மாமியார் பங்காரம்மாதான் தீர்ப்புச் சொன்னாள்.

"தபால்ல வாரது கடுதாசிதானுங்க. கடுதாசியத் தொட்டா ஒண்ணும் ஆயிராது."

பங்காரம்மாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

கோமளா பென்சிலை எடுத்தாள். விரலில் வழுக்கியது. மறுபடி அந்தப் படபடப்பு.

உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொள்ளும், அறை சுருங்கிக்கொண்டே வரும். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்து, மனதை அலட்டிக்கொள்ளாதே அம்மா என்று அனுப்பிவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிடித்தது இது. முதல் தடவை படிக்க ஆரம்பித்து நாலாம் பாடத்தோடு நின்றுபோனாளே, அப்போது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அவளாகக் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. மூச்சை இழுத்துவிட்டு, தேற்றங்களை வரிசையாக முணுமுணுப்பது. குத்தெதிர்க் கோணங்கள் சமம். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம். அதை மட்டும் எந்த மாமனாராலும் மாற்ற முடியாது.

கொஞ்சம் அடங்கியது. சன்னல் வழியே பார்த்தாள். கொடியில் மூன்று துணிகள் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. காலையில் அவளே அலசிக் காயப்போட்டவை. அடுப்படியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

ஒரு கணக்கு முடிந்தது. சங்கு ஊதியது.

பங்காரம்மா காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய்விடுவது வழக்கம். இன்று போகவில்லை. கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தூரமானவ துணிய ஊரே பாக்கட்டும்னா காயப்போடுவா, கண்ணு? ஒரு சீலைக்கு அடியில மறைச்சல்ல போடுவா?"

கோமளா பென்சிலைக் கீழே வைத்தாள்.

பங்காரம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். பாயில் உட்கார்ந்தாள். தீட்டு என்று மூன்று நாளாக எட்டவே நின்றவள், கோமளாவின் முகத்தை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தாள்.

எத்தனை மாதம் என்று கேட்டாள்.

கோமளா மூன்று விரலைக் காட்டினாள்.

எட்டாம் பாடம், ஒன்பதாம் பாடம், இந்தப் பத்தாம் பாடம், எல்லாம் வெறும் துணியை நனைத்துக் காயப்போட்டுப் படித்தவை. வெங்கடபதியிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளை வேண்டாம் என்றா? ஒன்பது வருஷமாகக் கோயில் கோயிலாகச் சுற்றியவள் அவளும்தான். இந்த உறை மட்டும் போய்ச் சேரட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள் சாமி என்று வயிற்றிடம் தினமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. படித்துப் படித்து உடம்பு சூடேறித்தான் கலைந்தது என்று தீர்ப்பானது. அதுவும் பங்காரம்மாவின் தீர்ப்புத்தான். இருக்குமோ என்று கோமளாவே எத்தனையோ நாள் நடுங்கியிருக்கிறாள்.

பங்காரம்மாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அத்தனையும் சந்தோஷம். பாயில் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கசங்கிவிடாமல் ஓரம் சேர்த்து மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். மருமகளைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினாள்.

"ஊட்டுக்குள்ள வந்து படு கண்ணு. இனி நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம்."

இனி மாதத்தில் முப்பது நாளும் கோமளாவுக்கு ஓய்வு.

சந்தில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. சன்னலருகே வந்து ஒரு தரம் நின்று அடித்துவிட்டு, போய்விட்டது.