ரிஹாம் பார்க்காத ஓடு

அல்ஜியர்ஸ் வீட்டு முற்றத்தில் குளிர்காலம் முடிந்து முதல் வெயில் விழுந்திருக்கிறது. வசீலா சமையலறை அட்டைப்பெட்டியிலிருந்து ஆமைக்குட்டியைத் தூக்கிவந்து வெதுவெதுப்பான தண்ணீர்த் தட்டில் விடுகிறாள். மகள் ரிஹாம் ஆசையாய் வளர்த்த குட்டி. குளிர் தொடங்கிய வாரம் ரிஹாம் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து வசீலாவின் கைகள்தான் தீனி வைக்கின்றன, கதகதப்புக்கு விளக்கைப் போடுகின்றன, அணைக்கின்றன. அவள் எதையும் நினைப்பதில்லை. குட்டியைத் துடைத்துத் தரையில் விடுகிறாள். நகங்கள் கல்லைக் கீறும் சத்தம் நிழலைத் தாண்டி வெயிலுக்குள் மெல்லப் போகிறது. கழுத்து நீள்கிறது. கீரை இலையில் சின்னதாய் ஒரு கடி விழுகிறது. மாடியில் துணி காயப்போடும் பக்கத்துவீட்டு மப்ரூக்கா எட்டிப் பார்க்கிறாள். “அடியே, ரிஹாமோட ஆமையா அது? நல்லா வளந்துடுச்சே!” “ஆமாக்கா,” என்கிறாள் வசீலா. பிறகுதான் குனிந்து பார்க்கிறாள். ஓட்டின் கறுத்த கட்டங்களுக்கு நடுவே புதிதாய் வளர்ந்த வெளுத்த கோடுகள் ஓடுகின்றன. குளிருக்கு முன்னால் இவை இல்லை. ரிஹாமின் விரல் படாத இடம் இது. கட்டைவிரலால் ஒரு கோட்டைத் தடவுகிறாள். “என்னடி, அழுறியா?” “இல்லக்கா. பூனை வந்துடும், வலை போட்டு மூடணும்,” என்கிறாள், எழுந்திருக்காமலே.