மாடிவரை வந்த அரசாங்கம்

இருபத்திரண்டு படிகள். உடையப்பன் அண்ணாந்து பார்த்தாரே தவிர, எண்ணவில்லை. கணக்கு அவருக்குத் தெரியும்.

கீழே பூட்டுக்கடை. மேலே முன்னாள் ராணுவத்தினர் நல அலுவலகம்.

ஊனப்பட்ட சிப்பாய்கள் மதுரைக்கு அலையக் கூடாதே என்று சர்க்கார் மனமிரங்கித் திண்டுக்கல்லிலேயே திறந்த கிளை அது. இரக்கம் மாடிவரைக்கும் வந்துவிட்டது. தரைக்குத்தான் இறங்கவில்லை.

பூனாவில் கட்டைக்கால் செய்து தருகிறார்களாம். அதற்கான மனு அவர் மடியில் இருந்தது. கொடுத்தனுப்பினால் செல்லாது. ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். வலது கால் இல்லவே இல்லை என்று அதிகாரி கண்ணாரக் கண்டு கையெழுத்துப் போட வேண்டும். இன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது. விட்டால் அடுத்த வருஷம்.

பர்மாச் சண்டையில் போன அந்தக் காலைத் தேடி அதிகாரி அங்கே போக வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாலே போதும்.

"ஐயாவைச் செத்த நேரம் கீழ வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு அப்பு."

படியடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த சேவகன் பொம்மையன் போன வாரம்தான் மாற்றலாகி வந்தவன். டவாலிப் பட்டையின் பித்தளை வில்லையை வேட்டி நுனியால் துடைத்தபடியே சுவரைக் காட்டினான்.

அங்கே கண்ணாடி போட்ட ஒரு திறப்பு விழாப் படம். நாலு பேர் தோளில் ஒரு நாற்காலி. அதில் உற்சவமூர்த்தி மாதிரி ஒரு சிப்பாய், கையில் கத்தரிக்கோலோடு. சம்பங்கி மாலைகளுக்கு மேலே மூக்கும் மீசையும்தான் தெரிந்தன. தானே தூக்கி வந்ததுபோல் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார் அதிகாரி. அடியில் கொட்டை எழுத்தில்: 'அரசு உங்கள் வாசலில்'.

"அங்கன பாரும் பெரியவரே. ஒத்தக்கால் மனுசன், அவரே மேல ஏறித்தான் ஆபீசத் தொறந்து வச்சிருக்காரு. உமக்கு மட்டும் என்ன கேடு?"

உடையப்பன் படத்தைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

படிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஊன்றுகோலை இரண்டு படி மேலே வைத்தார். இரண்டு கைகளையும் ஊன்றி எம்பினார்.

அன்றைக்குப் படம் பிடித்து முடிந்ததும், அவரைத் தூக்கி வந்த நாலு பேரும் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். மாலையும் கழுத்துமாக, இருபத்திரண்டு படியையும் இப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினார்.

ஏறுவதுதான் இது முதல் தடவை.