திவாகருக்கு ஒரு மோட்டார்

"ஜப்பான்காரன் மோட்டாரையே எடுப்போம் சுசீலா. எண்ணெய ஊத்துனமா, ஓட்டுனமான்னு இருக்கும். அந்த இத்தாலிக்காரன் மோட்டாரு புது மாப்பிள்ள மாதிரி, தொட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்கும்."

கணேசமூர்த்தி மேசைமேல் கிடந்த மோட்டார் சைக்கிள் படத்தை முன்னால் தள்ளினார். பஸ் கம்பெனிப் பட்டறையில் எஞ்சின் பிரித்தே நரைத்த மனிதர். மோட்டார் விஷயத்தில் அவர் சொன்னதுதான் வீட்டில் சட்டம்.

அவர் மனைவி சுசீலா இன்னொரு படத்தை விடாமல் பிடித்திருந்தாள். தொண்ணூற்று நான்காம் வருஷத்து மோட்டார் பத்திரிகையிலிருந்து மகன் திவாகர் வெட்டி, கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்திருந்த படம். சிவப்பு டேங்கு. மூடி மறைக்க கவர் எதுவும் கிடையாது. எஞ்சின், கம்பிச் சட்டம் எல்லாம் வெளியே தெரிந்தன. ஜப்பான் மோட்டாரும் அதே ரகம்தான். ஆனால் அதன் படத்தை நேற்றுத்தான் கணேசமூர்த்தி எங்கேயோ தேடிப் பிடித்துக் கத்தரித்திருந்தார்.

"புள்ள ஆசப்பட்டது இதுக்குங்க. உங்களுக்கா வாங்குறோம்? அவனுக்குத்தான?"

மலாக்கா டவுனில், ஆற்றை ஒட்டிய சந்தில் இருந்தது அந்தக் கடை. பக்கத்து வீட்டுச் சீனத்தி சொல்லித்தான் வந்திருந்தார்கள். அவள் தன் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் இங்கேதான் கார் எடுத்தாளாம்.

"ரெண்டுக்கும் ஒரே வெலதான் அண்ணே," என்றார் கடை முதலாளி தௌக்கே. ஆலோர் காஜா பக்கம் ரப்பர் தோட்டத்துக் கடையில் வளர்ந்த சீனர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "சண்ட போடாம சீக்கிரம் சொல்லுங்க லா. வெள்ளிக்கிழம வேணும்னா நான் இன்னிக்கே ஆரம்பிக்கணும். எல்லாம் வெளிய தெரியற மோட்டாரு, வேல ஜாஸ்தி."

வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் அனுப்பினதுதான், திருப்பி எடுத்து வேறு மாற்றித் தர முடியாது என்று தௌக்கே முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் இவ்வளவு தகராறு.

"தஞ்சோங் கிளிங் ஹோட்டலுக்கு சிங்கப்பூர்க்காரங்க இந்த மோட்டார்ல வருவாங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள் சுசீலா. "நம்ம புள்ள உங்க பழைய கப்சாய் குட்டி மோட்டார ரோட்டோரம் நிறுத்திட்டு, போய்ப் பக்கத்துல நிப்பான். தொடக்கூட மாட்டான். கையப் பின்னால கட்டிக்கிட்டு, கோயில்ல சாமியப் பாக்குற மாதிரி. நான் மார்க்கெட்டு போயி மீன் வாங்கிட்டு வந்தாலும் அங்கேயேதான் நிப்பான்."

கணேசமூர்த்தி ஜப்பான் படத்தை மறுபடி அவள் பக்கம் தள்ளினார்.

"ஆச வேற, ஓட்டுறது வேற. அங்க நடுவழியில நின்னுபோச்சுன்னா? ஸ்பேர் பார்ட்டு எங்க தேடுவான்? நான் கூட இருந்தா ராவோட ராவா பிரிச்சு மாட்டிருவேன். நான் இங்கயில்ல கெடக்கேன்."

"அங்க எல்லாம் கெடைக்கும் அண்ணே," என்றார் தௌக்கே. "எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கேன். ஒருத்தன்கூட ரிப்பேருன்னு திருப்பி அனுப்பல."

"நீங்க யாவாரி. அப்படித்தான் சொல்வீங்க."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் சுசீலா. "அவரே சொல்லிட்டாரு. அப்புறம் என்னா?"

கணேசமூர்த்தி இத்தாலிப் படத்தை அவள் கையிலிருந்து வாங்கி, விரலால் அதன் பின்பக்கத்தைத் தட்டினார்.

"இதப் பாரு. பின்னால சீட்டே இல்ல. ஒரு பூன உக்காரலாம். ஜப்பான்காரனப் பாரு, நல்லா அகலமா வச்சிருக்கான்."

"ஒத்தையா போற புள்ளைக்கு எதுக்குங்க பின் சீட்டு?"

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

சுசீலா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அங்க போறப்ப ஏத்திக்கிட்டுப் போக அவன்தான வரணும்," என்றார் கணேசமூர்த்தி, படத்தைப் பார்த்தபடியே. "எனக்கு அங்க வழி தெரியுமா, ஆளு தெரியுமா?"

மேலே காற்றாடி மட்டும் கிறீச்சிட்டது.

"அப்ப நானு?"

"நீ மெதுவா வா. ஒனக்கென்ன அவசரம்?"

"அதானே. அப்பனும் மகனும் ஊர் சுத்துவீங்க. நான் வீட்டக் காவல் காக்கணும்." சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே நின்றுவிட்டது.

கணேசமூர்த்தி அந்தப் படத்தின் மூலையைப் பெருவிரலால் நீவினார். திவாகர் ஒட்டிய டேப்பு அங்கே மஞ்சளாகிக் காய்ந்திருந்தது. ஜப்பான் படத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இத்தாலியே இருக்கட்டும் தௌக்கே. பின்னால மட்டும் ஒரு சீட்டு வேணும். ஆளு உக்கார்ற சீட்டு."

"போட்டுரலாம். கைப்பிடியும் வச்சுத் தரேன்."

"பிரேக்கு?"

"அதுவும் உண்டு."

"நல்லா இறுக்கிப் புடிக்கணும். அவன் கொஞ்சம் வேகமா போவான்."

தௌக்கே சிரிக்கவில்லை. "நல்லாப் புடிக்கும் அண்ணே," என்றார்.

சுசீலா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடையில், அடுத்த ஆள் முன்னால், அவள் அப்படிப் பிடிப்பது வழக்கமில்லை.

தௌக்கே மேசைக்கடியிலிருந்து மூங்கில் சிம்புகளையும் பசைக் கிண்ணத்தையும் சிவப்புக் காகிதச் சுருளையும் எடுத்து வைத்தார். செத்துப்போனவர்களுக்கு வீடும் காரும் காகிதத்தில் செய்து எரித்து அனுப்புவது சீனர் வழக்கம்.

"வெள்ளிக்கிழம கடற்கரையில கொளுத்துறப்ப ரெண்டு பேரும் புள்ள பேரச் சத்தமா கூப்பிடுங்க அண்ணே," என்றார். "இல்லாட்டி வேற யாராச்சும் ஏறி ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்க."