சட்டாம்பிள்ளை வேலாயி

"நாளைக்கு எல்லாரும் நான் சொல்றபடிதான் செய்யணும். ஒருத்தன் மாறினாலும் காரியம் கெட்டுப்போயிரும்" என்று பள்ளிக்கூடச் சோதனைக்கு முதல் நாள் வேலாயி வகுப்பை அதட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு வெளியே நின்று கேட்ட ராஜலிங்கம் வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போன வருஷம் பெயரைக் கேட்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட பிள்ளை அவள். இப்போது அவள் வாயைத் திறந்தால் வகுப்பே கப்சிப்.

கூலியாட்களின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராதான் அந்தக் காப்பித் தோட்டத்துப் பள்ளிக்கூடம். வாத்தியார் வந்த புதிதில், பொறுப்பு என்றாலே பெரிய பிள்ளைகள் ஆளுக்கு ஆள் பின்னால் ஒளிந்தார்கள். அவர்கள் பார்த்த தலைவர் ஒருவர்தான், கம்போடு நிற்கும் கங்காணி. வாத்தியார் முதல் வேலையாகத் தன் பிரம்பைக் கூரையில் செருகிவிட்டு, ஒவ்வொருவராகப் பழக்கினார். சின்னதுகளை வரிசையாக உட்கார வைக்க மூக்கையா, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லப் பேச்சியம்மா, எல்லோருக்கும் மேலே சட்டாம்பிள்ளையாக வேலாயி.

"பொட்டப்புள்ள சட்டாம்பிள்ளையாங்கய்யா?" என்று மூக்கையா சிரித்தான்.

"ஓம். நீ வாயைப் பொத்திக்கொண்டு அவள் சொல்லுறதைக் கேள்" என்றார் யாழ்ப்பாணத்து வாத்தியார்.

பிறகு வேலாயியைத் தனியே கூப்பிட்டார். "சட்டாம்பிள்ளை எண்டால் அடிக்கிற ஆள் இல்லைப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு எது நல்லதோ அதைத் தானே யோசிச்சுச் செய்யிற ஆள். என்னைக்கூடக் கேக்கத் தேவையில்லை."

வேலாயி பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள்.

இவ்வளவு பாடுபட்டதும் பிள்ளைகள் மேல் இருந்த பாசத்தால் என்று நினைத்தால், அது பாதிதான் சரி. கண்டி நகரத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடம் ஒன்று காலியாகியிருந்தது. சோதனையில் பிள்ளைகள் தேறினால் அந்த இடம் உமக்கே என்று பள்ளிக்கூடங்களை நடத்தும் வெள்ளைக்காரப் பாதிரியார் வாக்குக் கொடுத்திருந்தார். தோட்டம் முழுக்க அதே பேச்சுத்தான்.

குளிரும் அட்டைக்கடியும் வாத்தியாருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு வாரமாக மனுஷன் இருந்த இடத்தில் இருக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் முற்றத்தின் ஓரத்துக்குப் போய், தூரத்தில் கீழே தெரியும் கண்டி வாவியைப் பார்த்தார். பாதிப் பாடத்தில் போய்த் தகரப் பெட்டியைத் துடைத்துவிட்டு வந்தார்.

"பெட்டிய எதுக்குங்கய்யா தொடைக்கிறீங்க?" என்று ஒருநாள் வேலாயி கேட்டாள்.

"சும்மா பிள்ளை. தூசி பிடிச்சுக் கிடக்கு."

"முந்தின வாத்தியாரும் தொடைச்சாருங்க. அவரு போன பெறகு பள்ளிக்கூடம் பூட்டியே கெடந்துச்சு. நாங்க எல்லாரும் காப்பிப் பழம் பறிக்கப் போனோம்."

அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் ஊதியது. வாத்தியார் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

சோதனை நாளன்று பாதிரியார் குதிரையில் வந்து இறங்கினார். பேச்சியம்மா வணக்கம் சொல்லவில்லை. விரலைச் சூப்பிக்கொண்டு நின்றாள். சின்னதுகள் திசைக்கு ஒன்றாக உட்கார்ந்து ஒன்றின் தலைமுடியை ஒன்று இழுத்துக்கொண்டிருந்தன.

"ஆறேழு எத்தனையென்று சொல்வாயாக" என்றார் பாதிரியார். அவர் தமிழ் படித்தது வேதப் புத்தகத்தில்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மூக்கையா தலையைச் சொறிந்தான். "தெரியாதுங்க."

பின் வரிசையில் ஒரு வாண்டு மட்டும் பொறுக்கமாட்டாமல் "நாப்பத்தி..." என்று தொடங்கியது. வேலாயி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதுவும் அடங்கிவிட்டது.

"போகட்டும். உன் பெயரையாவது சொல்வாயாக."

மூக்கையா வேலாயியைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "அதுவும் மறந்துபோச்சுங்க சாமி."

பாதிரியார் பெருமூச்சு விட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். "ராஜலிங்கம், கண்டிக்கு வேறொருவரை வைத்துக்கொள்ளுகிறோம். நீர் இன்னும் ஒரு வருஷம் இங்கேயே தங்கி, இந்தப் பிள்ளைகளுக்குப் போதிப்பீராக."

குதிரை வளைவில் மறையும் மட்டும் வாத்தியார் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்தார். கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். எல்லோரும் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாம் தெரிஞ்ச பிள்ளையள். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்? வேலாயி, உன்னை நம்பித்தானே விட்டனான்?"

வேலாயி எழுந்து நின்றாள். தலையைக் குனியவில்லை. கண் மட்டும் நிரம்பியிருந்தது.

"தேறிட்டா நீங்க போயிருவீங்களேய்யா."