நார்வலுக்குக் கைதட்டல்

முப்பது வருடமாக டொராண்டோ படப்பிடிப்புகளில் நீதிபதியாகவும் பிணமாகவும் நடித்தவர் நார்வல். ஒரு நடிகரின் கடைசி ஷாட் எடுத்ததும், "இன்னாருக்கு இதோட முடிஞ்சுது!" என்று உதவி இயக்குநர் அறிவிப்பார். தளமே கை தட்டும்.

அன்று படப்பிடிப்பு இல்லை. ஹாமில்டனில் தன் வீட்டு வாசலில் முழங்கால் அளவு பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"திரையில செத்ததெல்லாம் போதாதா? நெஞ்சு வலின்னு நேத்துதானே சொன்ன, உள்ள வா!" என்று மனைவி வெர்னா கத்தினாள்.

"இன்னும் ரெண்டு தடவை வாரிட்டு வரேன்டி."

கடைசிப் பனியையும் ஓரத்தில் கொட்டினார். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து கை தட்டினார். பிறகு பக்கத்து வீடு. பிறகு தெரு முழுக்க. யாரும் சிரிக்கவில்லை.

வாசற்படியில் நின்ற வெர்னா, "நார்வலுக்கு இதோட முடிஞ்சுது!" என்று அறிவித்துவிட்டு அவளும் தட்டினாள்.

பழக்கதோஷத்தில் நார்வல் குனிந்து வணங்கினார். நிமிர முடியவில்லை.