ஆடிச்சுற்றில் ஒரு முழங்கால்

அன்று மேகம் மூடியிருந்ததாகத்தான் நினைவு. சரிதானா என்று சொல்லத் தெரியவில்லை. ஆடித் தபசு வேண்டுதலுக்காகக் கோவிலைச் சுற்றும் கூட்டத்தில் சண்முகசுந்தரி வலது காலை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். போன வாரம் விசைத்தறிக்கு முன்னால் சட்டென்று திரும்பியபோது முழங்காலுக்குள் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சாயங்காலமே மூட்டு வீங்கிவிட்டது. அது சரியாகட்டும் என்றுதான் இந்தச் சுற்றே. முழங்காலில் அப்பிய கோவில் புற்றுமண் காய்ந்து, வீக்கத்தின் மேல் வெடித்து உதிர்கிறது.

“மதினி, காலு நிக்க மாட்டாம மடங்குது பாருங்க. டாக்டர்ட்ட போவோம்,” என்கிறாள் நாத்தனார் காவியா.

“சும்மா வாட்டி. பாதியில விட்டா சாமி குத்தம். டாக்டரு என்னைய வீட்டுல உக்கார வச்சிட்டா, தறிய ஒங்க அண்ணனா ஓட்டப்போறாரு? அவருக்கு டீக்கடை பெஞ்சுதான் ஓடும்.”

பக்கத்தில் நடப்பவர்கள் சிரிக்கிறார்கள். சுந்தரியும் சிரிக்கிறாள். மூலையில் திரும்புகையில் மூட்டுக்குள் ஏதோ நகர்ந்து சிக்கிக்கொள்கிறது. சிரிப்பு முகத்திலேயே நிற்கிறது. கால் நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள். கல்தரையில் வெறும் பாதங்களின் சத்தம் நெருங்கி வருகிறது. பின்னால் வருகிறவர்களுக்கு அவள் நின்றுவிட்டது தெரியாது.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூட்டுக்குள் கிழிந்திருந்த சவ்வை ஆபரேஷன் செய்து எடுத்தும் கால் முழுதாக நீளவில்லை. இப்போது காவியா கல்லூரியை விட்டுவிட்டுத் தறிக்கு முன்னால் நிற்கிறாள். அவள் அண்ணன் டீக்கடையில்தான் இருக்கிறார்.